உள்ளங்கைச் சரஸ்வதி

போன ஆனி மாதம் என் மருமகள் ஒரு பலகை வாங்கினாள். காந்தம் ஒட்டுகிற வெள்ளைப் பலகை. மேலே கிழமைகள். இடது ஓரத்தில் பல் துலக்குதல், பால் குடித்தல், வீட்டுப்பாடம், விளையாட்டுச் சாமான்களை எடுத்து வைத்தல், ஒன்பது மணிக்குப் படுத்தல் என்று ஐந்து வேலைகள். செய்தால் ஒரு மஞ்சள் நட்சத்திரம். வாரத்தில் இருபத்தைந்து சேர்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பரிசு.

“அத்தே, நீங்க முப்பத்தஞ்சு வருசம் டீச்சர் வேலை பாத்தவங்க. இது சரிப்படுமா, இல்ல வேற மாதிரி வாங்கணுமா? பத்து நாளைக்குள்ள திருப்பி அனுப்பிக்கலாம்னு போட்டிருக்கான்” என்றாள்.

பேரனுக்கு வயது ஆறு. முதல் இரண்டு நாள் பலகை அற்புதம் செய்தது. எழுப்பாமலே எழுந்தான், கேட்காமலே பல் துலக்கினான். மூன்றாம் நாள் மதியம் விளையாடிவிட்டு வேர்த்து ஊற்ற வந்தவனிடம் சொம்பை நீட்டினேன். வாங்கவில்லை. “அப்பத்தா, தண்ணி குடிச்சா எத்தன ஸ்டாரு?” என்றான்.

தாகத்துக்கு விலை கேட்ட அந்தக் கணத்தில்தான் எனக்குப் பழைய கதையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உத்தமபாளையம் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 1978-இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து 2013-இல் தலைமையாசிரியையாக வெளியே வந்தவள் நான். குழந்தைக்குக் குறி போடுவதும் நட்சத்திரம் போடுவதுமாகவே என் காலம் போயிருக்கிறது. அந்தப் பத்து நாள் தவணையில் நான் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

என் அப்பாவைப் பெற்ற அய்யா திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் படித்தவர். காவி ஏறிய பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொல்லுவார்: “மொதப் பயலுக்கு அடி கெடையாது. அப்பறம் வாரவனுக்கெல்லாம் வரிசையா கூடிக்கிட்டே போகும்.” அதற்குப் பயந்து கோழி கூவும் முன்னே, ஆற்றில் முகம்கூடக் கழுவாமல் ஓடுவாராம். அடிக்குப் பயந்து ஓடிய கதையாகத்தான் நான் அதை வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பரிசும் ஒரு பாதி என்று தெரிய ஓய்வு பெற வேண்டியிருந்தது.

1822-இல் சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளை, என்ன படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். கம்பம் பள்ளத்தாக்கு அன்றைக்கு மதுரை ஜில்லா. கலெக்டர் ரவுஸ் பீட்டர், மீனாட்சியம்மனுக்குப் பொன் அங்கவடி செய்து போட்ட அதே பீட்டர் துரை. பெரும்பாலான கலெக்டர்கள் எண்ணிக்கை அனுப்பினார்கள். மாகாணத்துக்கு மொத்தம் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று கூட்டினார் மன்றோ. அந்தக் கலெக்டர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தே எழுதியிருக்கிறார். பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல், 1823 ஆகஸ்டில். ஆராய்ச்சியாளர் தரம்பால் 1983-இல் வெளியிட்ட தொகுப்பில் அந்தக் கடிதம் இருக்கிறது.

காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் ‘சரஸ்வதி’ என்று எழுதுவார் வாத்தியார். இரண்டாவது வருபவன் கையில் ஒரு சுழி. புகழும் இல்லை, பழியும் இல்லை என்று அர்த்தம். மூன்றாமவனுக்கு மெதுவாக ஒரு அடி. நான்காமவனுக்கு இரண்டு. அப்புறம் ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். எங்கள் அய்யா சொன்ன வரிசை அச்சு அசலாக அதுதான். பெல்லாரி எங்கே, உத்தமபாளையம் எங்கே. கன்னடமும் தெலுங்கும் பேசிய ஊர் வாத்தியாரும் எங்கள் ஊர் வாத்தியாரும் ஒரே கணக்கை வைத்திருந்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பத்தாவதாக வருகிறவனுக்கு எட்டு அடி. இருபதாவதாக வருகிறவனுக்குப் பதினெட்டு. பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சரஸ்வதி. வாய்க்கால் தாண்டி வருகிறவனுக்குப் பிரம்பு. எவ்வளவு சீக்கிரம் எழுந்தான் என்பதற்கு இதில் இடமில்லை, எத்தனை பேரை முந்தினான் என்பதுதான் கணக்கு. ஆனால் ஒரு விஷயத்தை நான் மெச்சுகிறேன். அந்தச் சரஸ்வதிக்கு ஆயுள் ஒரு பகல்தான். மத்தியானம் கஞ்சி குடித்துக் கை கழுவினால் போயிற்று. சேர்த்து வைக்க முடியாது, மாற்றி வாங்க முடியாது, நேற்று வாங்கியதைக் காட்டி இன்று தப்பிக்கவும் முடியாது.

சேர்த்து வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது சென்னை எழும்பூரைச் சுற்றித்தான் போகிறது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகள் படித்த இடம். நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வளர்த்தார். நமக்குச் சட்டாம்பிள்ளை என்றால் தெரியும். அவர் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பேர் வைத்து, 1797-இல் லண்டனில் ஒரு புத்தகமும் போட்டார். அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வந்துவிட்டது. அவர் பள்ளியில் குற்றம் செய்தவனின் பெயர் ஒரு கறுப்புப் புத்தகத்தில் ஏறும். வாரம் ஒருமுறை பிள்ளைகளே பஞ்சாயத்துக் கூடித் தீர்ப்புச் சொல்வார்கள். கையில் எழுதியது மத்தியானமே அழிந்துபோகும். புத்தகத்தில் ஏறியது அழியாது. அங்கேதான் விஷயம் திரும்புகிறது என்று நினைக்கிறேன்.

அதே சமயம் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏழைப் பிள்ளைகளுக்கு இதே போன்ற பள்ளி நடத்தினார். இவர் பரிசுப் பைத்தியம். நன்றாகப் படித்தால் சீட்டு. சீட்டுகள் சேர்ந்தால் பொம்மை. மார்பில் குத்திக்கொள்ளப் பட்டயம், பதக்கம். தண்டனையிலும் குறைவில்லை. பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தூக்கித் தொங்கவிடுவார். நம் ஊர் வாத்தியார்கள் கயிற்றில் கையைக் கட்டிக் கோதண்டம் போட்டதற்கு அவர் ஒன்றும் சளைத்தவரில்லை. பள்ளிக்காகக் கடன் வாங்கியே முழுகிப்போனார் மனிதர். இத்தனை சேர்ந்தால் இன்ன பரிசு என்று என் மருமகள் வாங்கிய பலகை சொல்கிறதே, அந்தக் கணக்குக்கு இவர்தான் கொள்ளுத்தாத்தா.

இனி எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். முல்லைப் பெரியாறு 1895-இல் திரும்பி இந்தப் பக்கம் பாய்ந்தது. இருபோகம் விளைய ஆரம்பித்தது. அணை கட்டிய பென்னிகுயிக்கின் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்து நன்றி தீர்க்கிற ஊர் இது. என் வருகைப் பதிவேட்டிலும் ஒரு பென்னிகுயிக் இருந்தான், பாதி நாள் வரமாட்டான். தண்ணீர் வந்தால் நடவு, நடவு வந்தால் வகுப்பில் பாதி காலி. நாற்று நடவிலும் அறுப்பிலும் பிள்ளைகளுக்கும் கூலி உண்டு. அந்தக் கூலிக்கு எதிரே நாங்கள் எந்த நட்சத்திரத்தை நீட்டுவது? காமராஜர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்ததும், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்ததும்தான் பிள்ளைகளைப் பள்ளியில் உட்காரவைத்தன. அதைப் பரிசு என்று நான் ஒருக்காலும் சொல்லமாட்டேன். முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே கரண்டி.

பரிசு என்றால் எங்கள் காலத்தில் சோப்பு டப்பா. ஆண்டு விழாவில் கட்டுரைக்கு முதல் பரிசு சோப்பு டப்பா, ஓட்டத்துக்கு எவர்சில்வர் டம்ளர், பாட்டுக்கு மறுபடியும் சோப்பு டப்பா. நாங்கள் அக்கா தங்கை மூன்று பேர் வாங்கியவை பரணில் இன்னும் பதினொன்று கிடக்கின்றன. அதில் சோப்பு வைத்ததே இல்லை. பரிசாக வந்ததில் எப்படிச் சோப்பு வைப்பது என்று அம்மா விடமாட்டார். வீட்டில் சோப்பு எப்போதும்போலத் தேங்காய்ச் சிரட்டையில்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய பரிசு சிலேட்டில் இருந்தது. கணக்கு சரியாக இருந்தால் டீச்சர் சாக்குக்கட்டியால் பத்துக்குப் பத்து என்று எழுதிச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். அதை வீட்டில் காட்டும்வரை அழிக்கக் கூடாது. ஆனி, ஆடியில் இங்கே மேற்கு மலையைத் தாண்டிச் சாரல் வந்துகொண்டே இருக்கும். மழை என்று சொல்ல முடியாது, நனையவில்லை என்றும் சொல்ல முடியாது. பாவாடைக்குள் சிலேட்டை மறைத்துக்கொண்டு, முதுகை மலைப்பக்கம் திருப்பி, நண்டு போல நடந்து வீடு சேருவேன். பாதி நாள் வட்டம் இருக்கும், எண் போயிருக்கும். “நெசமா பத்துக்குப் பத்துதான்மா” என்றால் அம்மா வட்டத்தைப் பார்த்துவிட்டு நம்பிவிடுவார். சில நாள் ஆறுக்கும் வட்டம் போட்டுக்கொண்டு வந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஆக, பரிசுக்கு ஏங்குவதும் தெரியும், அதற்காகப் பொய் சொல்வதும் தெரியும். அப்படியும் 1984-இல் நான் ஒரு அட்டவணை செய்தேன்.

மூன்றாம் வகுப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள். டீக்கடையில் சொல்லிவைத்துச் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தங்கத்தாளைச் சேர்த்தேன். வெட்டி நட்சத்திரம் ஆக்கினேன். பெரிய சார்ட்டில் நாற்பத்திரண்டு பேர். நேரத்துக்கு வருதல், சுத்தம், வீட்டுப்பாடம் என்று மூன்று கட்டம். மைதா பசை காய்ச்சி ஒட்டினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. அவள் அம்மா மலைக்கு வேலைக்குப் போகிறவள். எங்கள் பக்கம் மலை என்றால் கேரளத்து ஏலத்தோட்டம். விடிவதற்கு முன்னே ஜீப்பில் அடைந்து கம்பம் மெட்டு ஏறிப்போய், பொழுது சாயத்தான் இறங்குவார்கள். இன்றைக்கும் அந்த ஜீப்புகள் ஓடுகின்றன. அம்மா போன பிறகு உலை வைப்பது, தம்பிக்கு ஊட்டுவது, அவனைப் பாட்டி வீட்டில் விடுவது எல்லாம் அந்த எட்டு வயதுதான். அவள் பேருக்கு நேரே நேரக் கட்டம் காலியாகவே இருக்கும். நகமும் அப்படித்தான், கரியடைந்திருக்கும். வீட்டுப்பாடம் மட்டும் தவறாமல் செய்திருப்பாள். அதற்கு மட்டும் நட்சத்திரம்.

ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் சார்ட்டில் ஒரு வரிசை இல்லை. அவள் பேர் இருந்த வரிசை மட்டும், ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல. மேலே இருந்தவன் பேரிலோ கீழே இருந்தவள் பேரிலோ ஒரு பிசிறு இல்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். அழவில்லை. “எம்பேரு இருந்தாத்தான டீச்சர் எல்லாரும் எண்ணிப் பாக்குறாங்க” என்றாள்.

பெல்லாரிக் கடிதத்தை அப்போது நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தால், திண்ணையில் பிரம்போடு உட்கார்ந்திருந்த வாத்தியாரும் தங்கத்தாளோடு நின்ற நானும் ஒரே வேலையைத்தான் செய்தோம் என்று அன்றைக்கே புரிந்திருக்கும். அந்தச் சார்ட்டை இறக்கி, பின்பக்கம் மதுரை மாவட்டப் படம் வரைந்தேன். தேனி அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தனியாகப் பிரிந்தது 1996-இல். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஆண்டிபட்டிக்கும் பெரியகுளத்துக்கும் நடுவே அந்தக் கிழிசல் தெரியும்.

வீடுகளில் பிள்ளைக்கு ஆசை காட்டாமல் இருந்தார்களா என்று கேட்டால், தாராளமாகக் காட்டினார்கள். பேதிக்கு விளக்கெண்ணெய் குடிக்கிற அன்றைக்குப் பத்துப் பைசா. எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தால் குழிப்பணியாரம். பெரிய பரிசு சித்திரைக் கடைசியில் வரும். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. பரீட்சை முடிந்து லீவு விட்டிருக்கும். பாஸானால் ராட்டினம் என்று மாசியிலேயே சொல்லிவைத்துவிடுவார்கள். ஆயிரங்கண் பானையும் தீச்சட்டியும் ஒரு பக்கம் போக, நாங்கள் முல்லையாற்றங்கரை ராட்டினத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். பாஸாகாத தம்பியையும் அப்பா ஏற்றிவிடுவார். “அவன் கீழ நின்னு அழுதா ஒனக்கு மேல நல்லா இருக்குமா?” என்பார். பேச்சுத் தவறிய பரிசுதான். ஆனாலும் அந்த நியாயம் எந்தச் சார்ட்டிலும் வராது.

வைகுண்ட ஏகாதசிக்கு விரிக்கும் பரமபதப் படமும் ஒரு அட்டவணைதான் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். நல்லது செய்தால் ஏணி, கெட்டது செய்தால் பாம்பு. ஆனால் ஏற்றிவிடுவதும் இறக்கிவிடுவதும் தாயக்கட்டை. ஒழுக்கமான அக்காவைப் பெரிய பாம்பு விழுங்கும், சேட்டைக்காரத் தம்பி வைகுண்டம் போவான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு என்று தெரியும். நம் நட்சத்திரப் பலகைதான் தன்னை விளையாட்டு என்று ஒப்புக்கொள்வதில்லை.

2007-இல் எங்கள் பள்ளிக்கு ஏணி வந்தது. செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. மூலம் மதனப்பள்ளிப் பக்கத்து ரிஷிவேலி, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பள்ளி. பரிசும் தண்டனையும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம் என்கிற போக்கில் ஆயுள் முழுக்கப் பேசியவர் அவர். வட்டார வள மையத்தில் பயிற்சிக்கு உட்காரவைத்தபோது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ‘இவனுக எதையாச்சும் மாத்திக்கிட்டே இருப்பானுக’ என்று முணுமுணுத்துக்கொண்டே போனவர்களில் நானும் ஒருத்தி.

பாடம் முழுக்க அட்டைகளாக இருந்தது. எந்த அட்டைக்குப் பிறகு எது என்று சுவரில் ஏணிப்படம். பிள்ளை தானே அட்டையை எடுத்துவந்து பாயில் உட்கார்ந்து செய்யும். பத்து நாள் நடவுக்குப் போய்விட்டு வந்தவன், விட்ட படியிலிருந்து ஏறலாம். பிள்ளை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். குறைகளும் இருந்தன. அட்டை கிழியும், தொலையும். மாற்று வருவதற்குள் வருடம் முடியும். “நீ எந்தப் படியில இருக்க?” என்று பிள்ளைகள் அதிலும் போட்டி போட்டார்கள்.

என்னை மாற்றியது ஏணி இல்லை. அதோடு வந்த மூன்று எளிய சாமான்கள்: சுய வருகைப் பதிவேடு, காலநிலை அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம். வந்தவுடன் பிள்ளை தன் வருகையைத் தானே பதியும். இன்று வெயிலா, மேகமா, சாரலா என்று ஒருத்தி குறிப்பாள். பல் துலக்கினேனா, குளித்தேனா, தலை வாரினேனா, நகம் வெட்டினேனா என்று ஆரோக்கியச் சக்கரத்தில் தானே குறித்துக்கொள்ள வேண்டும். டீச்சர் கை அதில் படாது.

எல்லாரும் எல்லாவற்றையும் செய்ததாகக் குறித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். சிலேட்டில் வட்டம் போட்டவள் இல்லையா நான்! முதல் வாரம் அப்படித்தான் நடந்தது. இரண்டாம் வாரம் ஒரு பையன் நகக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதைத்தான் பயிற்சியில் நான் பிடித்துக்கொண்டேன். மறுநாள் இன்னும் நாலு பேர் காலியாக விட்டார்கள். பரிசு இல்லாத இடத்தில் பொய்க்கு வேலை இல்லாமல் போய்விட்டது. 1984-இல் பேர் கிழித்த அந்தப் பிள்ளையை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதையெல்லாம் சொல்லிவைத்த ஒரு அம்மா எங்கள் தலைக்கு மேலேயே வாழ்ந்திருக்கிறார். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் போய், 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். பெரியகுளத்தில் நின்று அண்ணாந்தால் தெரியும் மலை. ரோமாபுரியில் அவர் பள்ளியில் பார்த்ததாக ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளை என்று ஒருவன் கழுத்தில் பதக்கம். தண்டனையாக இன்னொருவன் நடுவில் நாற்காலியில். பதக்கம் வாங்கியவன் வேலை மும்முரத்தில் அங்குமிங்கும் நடக்க, பதக்கம் கீழே விழுந்தது. தண்டனைப் பையன் அதை எடுத்து, நான் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டான். போட்டுக்கொள், எனக்கென்ன என்று இவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். வேலை செய்கிறவனுக்கு அது இடைஞ்சல். சும்மா இருந்தவனுக்குத்தான் அது நகை.

1973-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். படம் வரைய ஆசை உள்ள பிள்ளைகள் ஐம்பத்தொரு பேர். ஒரு பகுதிக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு பகுதிக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு ஒன்றுமே இல்லை. சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். என் பேரன் சொம்புத் தண்ணீருக்கு விலை கேட்டது இந்த வகைதான். விளக்கெண்ணெய் குடிக்கப் பத்துப் பைசா கொடுக்கலாம், அது ஒருபோதும் பிடிக்கப்போவதில்லை. தானாகப் பிடித்திருக்கும் காரியத்துக்குக் காசு கொடுப்பதுதான் மோசம்.

ஏழாம் நாள் மருமகளிடம் உட்கார்ந்து பேசினேன். அவளும் வேறு இரண்டு மூன்று வகை பார்த்து வைத்திருந்தாள். ஒன்றில் இரண்டு பிள்ளைகள் பேரை எதிரெதிரே எழுதலாம். நாத்தனார் மகன் லீவுக்கு வந்தால் உதவும் என்றாள். வேண்டவே வேண்டாம், அது திண்ணை வாத்தியார் பிரம்பு என்றேன். இன்னொன்றில் தப்புச் செய்தால் நட்சத்திரத்தைப் பிடுங்கலாம். அது பெல் பாதிரியாரின் கறுப்புப் புத்தகம். மூன்றாவது, பாட்டிலில் கோலிக்குண்டு போட்டு நிரப்புவது. பார்க்க அழகு, ஆனாலும் லங்காஸ்டர் சீட்டுத்தான். “எதுவுமே வேண்டாம்னா நான் எப்படித்தான் அவனக் கெளப்புறது? ஏழரைக்கு வேன் வந்துருது அத்தே” என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான். காலையில் அவளும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அட்டவணையே வேண்டாம் என்று உபதேசம் செய்வது ஓய்வு பெற்றவளுக்குச் சுலபம்.

எங்கள் வீட்டில் போன வருடத்துத் தினசரி காலண்டர் அட்டை இருந்தது. தாள் முழுக்கக் கிழித்துப்போன பிறகு முருகன் படத்தோடு மிஞ்சும் சிவகாசி அட்டை. பின்பக்கம் ஒரு மாதத்துக்குக் கட்டம் போட்டேன். வேலை நாலுதான். மூன்றை அவன் அம்மா சொன்னாள். நான்காவதை அவனே சொன்னான், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. நூலில் பென்சிலைக் கட்டி, அவன் மூக்கு உயரத்தில் ஆணி அடித்து மாட்டினோம். குறி போடுவது அவன் மட்டும். காலிக் கட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எண்ணிப் பார்ப்பதில்லை, பரிசு இல்லை. மாதம் முடிந்தால் அட்டையை எடுத்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் உண்டு, ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக.

முதல் நான்கு நாள் ஒன்றுமே குறிக்கவில்லை. பலகை எங்கே என்று அழுதான். ஐந்தாம் நாள் செடிக்கு ஒரு புள்ளி. பால் கட்டத்தில் இன்றுவரை மூன்றே புள்ளிகள்தான். “பிடிக்கல அப்பத்தா, அதான் போடல” என்றான். மருமகள் அவனுக்குப் பாலை நிறுத்திவிட்டுக் கம்பங்கூழ் கொடுத்துப் பார்க்கிறாள். காலையில் கிளம்பும் சண்டை ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. முன்பு தினமும் இருந்தது, இப்போது வாரத்துக்கு இரண்டு. காந்தப் பலகையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஞாபகம் வந்தது பதினோராம் நாள். அது இப்போது அடுப்படியில் கேஸ் பதிவு செய்த தேதியையும் பால்காரர் கணக்கையும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்த பிறகு, பழைய ஏணிகளும் சக்கரங்களும் பரணுக்குப் போய்விட்டன. புதிய முறைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கோடை விடுமுறையில் அறையை ஒழிக்கும்போது, பிள்ளைகளின் பென்சில் குறியோடு ஆரோக்கியச் சக்கரம் ஏதாவது கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வட்டார வள மையத்துச் சுவரில் ஒன்றையாவது மாட்டி வையுங்கள். ஆணி நான் வாங்கித் தருகிறேன்.